போட்டிருக்கிற விலை

பொட்டலத்தின் மேல் அச்சிட்டிருப்பது ஒரு பொருளின் விலை அல்ல, அதிகபட்ச விலை. அதற்குக் கீழே எவ்வளவுக்கு வேண்டுமானாலும் விற்கலாம், மேலே ஒரு பைசாவுக்கும் விற்கக் கூடாது. இதைக் கடைக்காரர்களுக்குச் சொல்வதற்காக முப்பத்து மூன்று ஆண்டுகள் அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுத்தது. முத்திரை ஆய்வாளர் என்பது என் உத்தியோகம். தராசுக்கு முத்திரை வைப்பேன். படிக்கல்லைச் சரிபார்ப்பேன். பொட்டலத்தைத் திருப்பி விலையும் எடையும் அச்சிட்டிருக்கிறதா என்று பார்ப்பேன். கடைக்காரர்கள் பணிவாகக் கேட்டுக்கொள்வார்கள். நான் ஜீப்பில் ஏறியதும் பழையபடி விற்பார்கள். இது அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், ஜீப் டிரைவருக்கும் தெரியும். யாருக்கும் மனவருத்தம் இல்லாமல் பணி நிறைவு பெற்றேன்.

அந்தச் சட்டத்தை உண்மையென்று நம்பிய ஒரே ஆளை ஓய்வு பெற்ற பிறகுதான் சந்தித்தேன். மண்ணூரில் என் வீட்டின் பின்பக்கம் இரண்டு அறைகளில் கணவனோடு குடியிருந்த பெண். பெயரைச் சொல்லப் போவதில்லை. ஒருமுறை மனுவில் அதை எழுதி அவளுக்குச் செய்த கெடுதல் போதும்.

முப்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, அகலமான கை. ஒரகடம் போகும் வழியில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. எதை வாங்கினாலும் முதலில் திருப்பிப் பார்ப்பாள். விலை அச்சிட்ட இடத்தைக் கட்டைவிரல் நகத்தால் தேடிப் பிடித்து வாய்விட்டு வாசிப்பாள். பிறகு அந்தத் தொகையை, சில்லறை உட்பட, மேசைமேல் வைப்பாள். கடைக்காரர் வேறு தொகை சொன்னால் கோபப்பட மாட்டாள். காது கேளாதவரிடம் சொல்வதுபோல் மறுபடி ஒருமுறை வாசிப்பாள்.

எங்கள் தெருமுனைக் கடையில் பால் பாக்கெட்டுக்கு இரண்டு ரூபாய் கூடுதல். ஃப்ரிட்ஜில் வைப்பதற்காம். அவள் குடிவந்த முதல் வாரம் நானும் அங்கே நின்றிருந்தேன்.

"பாக்கெட்ல இன்னா போட்டுகீது?" என்றாள்.

"கூலிங்குக்கு ரெண்டு ரூபா மா. எல்லாரும் குடுக்கறாங்க."

"கூலிங்க நீயே வெச்சுக்கோ. வெளில கீற பாக்கெட்ட குடு."

"வெளில வெச்சா கெட்டுப்பூடும்."

"அப்போ வண்டி வர்றப்ப எடுத்துக்கறேன்."

சொன்னதுபோல மறுநாள் விடியற்காலை பால் வண்டி வந்து பெட்டிகளை இறக்கும்போது கடை வாசலில் நின்றாள். அதற்கு மறுநாளும் நின்றாள். நாலரை மணிக்கே கலைக்கிற தூக்கத்தின் விலை இரண்டு ரூபாய்க்கு மேல் இருக்கும் என்று நான் கணக்குச் சொல்லிப் பார்த்தேன். "தூக்கத்துல இன்னாவும் போடல சார்" என்றாள்.

சிலிண்டர் கொண்டுவந்த ஆள் மேல்காசு கேட்டபோது பில்லை எடுத்துவரச் சொல்லி வாசித்தாள். வீடு வரை கொண்டுவந்து கொடுக்கும் கூலி விலையிலேயே சேர்ந்தது என்று எங்கேயோ படித்திருந்தாள், அது சரியும்கூட. அவன் சிலிண்டரைத் தெருக் கேட்டிலேயே இறக்கிவிட்டுப் போனான். அவள் அதைக் காலால் உருட்டிப் பின்பக்கம்வரை கொண்டுபோனாள். மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அதே ஆளுக்கு அன்று காலையில்தான் ஐம்பது ரூபாய் கொடுத்திருந்தேன். அவன் கேட்கவில்லை, தலையைச் சொறிந்தான், அவ்வளவுதான்.

அவள் பிறந்த ஊர் பென்னலூர். அப்பாவுக்கு நிலம் இருந்தது. தொழிற்பேட்டைக்காகப் போனபோது காகிதத்தில் ஒரு தொகை போட்டிருந்தது, அவர் கைக்கு வேறொரு தொகை வந்தது. இதைக் கேட்டதும் அவள் குணத்துக்குக் காரணம் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்து, அதனால்தானா என்று கேட்டேன்.

"அதெல்லாம் இல்ல சார். போட்டுகீது, அத்த குடுக்கறேன். இதுல இன்னா கீது?"

அவள் கணவன் சாதுவான மனிதன். கார் சீட்டுகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் காண்ட்ராக்ட் வேலை, எப்போதும் முதல் ஷிஃப்ட். லைனில் நகர்ந்துவரும் ஒவ்வொரு சீட்டுக்கும் நான்கு ஸ்க்ரூ முடுக்க வேண்டும். மனைவியைப் பற்றிக் கேட்டால் பெருமையும் பயமுமாகச் சிரிப்பான். "தாலி கட்டற அன்னிக்கே மண்டபத்துல தண்ணி கேன எடுத்து இன்னா போட்டுகீதுன்னு பாத்துச்சு சார். ஐயரே நிறுத்திட்டாரு."

அவன் குடிப்பான். அந்தக் கம்பெனி வாசலில் ஒரு மெஷின் வைத்திருக்கிறார்கள். காலை ஆறு மணிக்கு உள்ளே போகிறவன் அதில் ஊத வேண்டும். குடித்தது தெரிந்து நம்பர் வந்தால் முதல் தடவை வீட்டுக்கு அனுப்புவார்கள். இரண்டாம் தடவை கேட் பாஸைப் பிடுங்கிக்கொள்வார்கள். அதோடு வேலை போயிற்று. அவனுக்கு முதல் தடவை ஆகியிருந்தது.

அன்றைக்கே அவள் எல்லாவற்றையும் தன் கையில் எடுத்துக்கொண்டாள். ஒரு நாளைக்கு ஒரு குவார்ட்டர். அதை அவளே வாங்கி வருவாள். ஏழு மணிக்குப் பாதி, சாப்பாட்டுக்கு முன் மீதி. எட்டு மணிக்குள் முடித்துவிட்டால் காலையில் மெஷினில் நம்பர் வராது. இதை அவள் எந்த டாக்டரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. செய்து பார்த்துக் கண்டுபிடித்திருந்தாள். அவனும் சம்பளக் கார்டை அவளிடம் கொடுத்துவிட்டு, மூன்று மணிக்கு வேலையிலிருந்து வந்து அவள் வரும்வரை வாசற்படியில் உட்கார்ந்திருப்பான்.

"ஒரேயடியாக நிறுத்தச் சொல்லக் கூடாதா?" என்று கேட்டேன். படித்தவர்கள் கேட்கிற கேள்வி.

"நிறுத்திப் பாத்தாச்சு சார். நேரம் தப்புனாலே கை ஆடுது. கை ஆடுனா ஸ்க்ரூ எப்பிடி மாட்டுவாரு? அவரே போய் வாங்குனா ஒண்ணோட வர மாட்டாரு. அதான் நான் போறேன். அவரு வேலை இந்த ஒரு பாட்டில்லதான் நிக்குது."

அரசு மதுக்கடை, ஒரகடம் சாலையிலிருந்து உள்ளே போகும் மண்பாதையில், முன்பு வயலாக இருந்த இடத்தில் இருக்கிறது. தகரக் கூரை, இரும்புக் கம்பி, கம்பிக்குள் ஒரு கை நுழையும் ஓட்டை. பக்கத்தில் பார். மாலையானால் ஐடி கார்டைச் சட்டைப் பைக்குள் தள்ளிவிட்டுக்கொண்டு பையன்கள் வரிசையில் நிற்பார்கள். பாதிப் பேர் தெற்கத்திப் பிள்ளைகள். நானும் வாரத்தில் இரண்டு நாள் நிற்பேன். மருத்துவர் அளவோடு என்றுதான் சொன்னார், அளவு சொல்லவில்லை.

அங்கே விலையைப் புரிந்துகொள்வதற்கு இரண்டு பத்து ரூபாய்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று சட்டப்படியான பத்து. பாட்டிலுக்கான முன்பணம். ஸ்டிக்கரோடு காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பத்து திரும்ப வரும். இன்னொன்று, போட்டிருக்கிற விலைக்கு மேல் விற்பனையாளர் வாங்கிக்கொள்ளும் பத்து. அது திரும்பி வராது. எல்லோரும் இரண்டையும் சேர்த்தே நீட்டுவார்கள். நானும் நீட்டிக்கொண்டிருந்தேன். இந்தச் சட்டத்தின் எத்தனையாவது பிரிவை அவர் மீறுகிறார் என்று தெரிந்துகொண்டே நீட்டியவன் அந்த வரிசையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அவளை முதன்முதலாக அங்கே பார்த்த மாலை நினைவிருக்கிறது. கம்பெனியின் நீல மேல்கோட்டைக் கழற்றாமல், சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, நாற்பது ஆண்களுக்கு நடுவே ரேஷன் கடையில் நிற்பதுபோல் நின்றாள். முறை வந்ததும் பணத்தை வைத்தாள்.

"ஒரு குவார்ட்டர். போட்டுகீறதும் பாட்டில் பத்தும் கீது. எண்ணிக்கோ."

"இன்னாமா இது, டெய்லி உன்னோட ரோதனையா போச்சு" என்றார் விற்பனையாளர். "இன்னொரு பத்து எடு. பின்னால லைன பாரு."

"எதுக்கு இன்னொரு பத்து?"

"லோடு எறக்கறவனுக்கு யார் தருவா? வழில ஒடையற பாட்டிலுக்கு யார் தருவா? கரண்ட் பில்லு உங்க அப்பனா கட்றாரு?"

"அதுங்கள எல்லாம் பாட்டில்ல போடச் சொல்லு. போட்டா குடுக்கறேன்."

பின்னால் நின்ற பையன் ஒருவன் பொறுக்க முடியாமல், "எக்கா, அந்தப் பத்து ரூவாய நான் தாரேன், கொஞ்சம் நவுந்துக்கிடுங்க. ரூமுக்குப் போயி சோறு வடிக்கணும்" என்றான்.

"உன் காசு எனக்கு எதுக்கு தம்பி? உன்னாண்ட புடுங்கறதுக்கும் சேத்துதான் கேட்டுகினு கீறேன்."

பார் வாசலில் நின்றிருந்த பெரியவர் ஒருவர், "புருசனுக்குச் சரக்கு வாங்கினு போற மகராசி" என்றார்.

"ஆமா. உனக்கு வாங்கினு வர ஆளில்லாமதான் நீயே வந்து நிக்கற."

வரிசை சிரித்தது. விற்பனையாளர் அவள் பணத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு அடுத்த ஆளுக்குக் கொடுத்தார். அவள் நகரவில்லை. கம்பியோரம் சாய்ந்து நின்றாள். என் முறை வந்தபோது நான் இரண்டு பத்தையும் சேர்த்து, அவள் பார்க்காதபடி மடித்து நீட்டினேன். முக்கால் மணி நேரம் கழித்து, வரிசை ஓய்ந்த பிறகு, விற்பனையாளர் வெறுத்துப்போய் அவள் போட்ட பணத்துக்கே பாட்டிலைத் தள்ளினார் என்று மறுநாள் கேள்விப்பட்டேன். பல மாதங்கள் இப்படித்தான் நடந்தது. அவள் நிற்பாள், அவர் கடைசியில் கொடுப்பார். அது ஒரு மாதிரியான ஒப்பந்தம். இரண்டு பக்கமும் மீறாமல் இருந்ததால் நம் நாட்டின் பல ஒப்பந்தங்களைவிட மேலானது.

பிறகு விலை ஏறியது. அச்சிட்ட விலையே குவார்ட்டருக்குப் பத்து ரூபாய் கூடியது. அவள் முணுமுணுக்காமல் புது விலையைக் கொண்டுபோய் வைத்தாள். பாட்டிலில் போட்டுவிட்டார்களே. அந்தப் பத்து ரூபாய்க்காக வீட்டில் மீன் நின்றது, அவளுடைய ஷேர் ஆட்டோ நின்றது. கம்பெனி பஸ் நிற்கும் இடம்வரை நடந்தாள். அதில் அவளுக்குப் புகார் இல்லை. ஆனால் விற்பனையாளரும் இந்தச் சந்தர்ப்பத்தில் கண்டிப்பானார். இனி எவ்வளவு நேரம் நின்றாலும் மேல்பத்து இல்லாமல் பாட்டில் இல்லை என்றார். மூன்று நாள் ஏழு மணி தாண்டியும் நிறுத்திவைத்தார். ஏழரை ஆகிவிட்டால் எட்டுக்குள் முடியாது. எட்டுக்குள் முடியாவிட்டால் காலை மெஷின். மூன்று நாளும் அவள் கடைசியில் அந்தப் பத்தைக் கொடுத்துவிட்டு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை என் கதவைத் தட்டினாள்.

"சார், நீங்க இந்த டிபார்ட்மெண்டுலதான இருந்தீங்க? போட்டுகீறதுக்கு மேல வாங்கினா யாராண்ட சொல்லணும்?"

ஓய்வுபெற்ற ஆய்வாளனிடம் யாரும் அப்படிக் கேட்கக் கூடாது. நான்கு வருடங்களாக என்னிடம் எவரும் ஒரு நடைமுறையும் கேட்டதில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பொருள், பார்வை, சட்டப் பிரிவு, வேண்டுதல், நான்கு இடங்களுக்கு நகல். பணியில் இருந்தபோதுகூட நான் அப்படியொரு கடிதம் எழுதியதில்லை. அவளை வாசிக்கச் சொன்னேன். தன் பெயர் வந்த இடத்தில் நிறுத்தி, பால் பாக்கெட்டில் விலையைத் தேடுவதுபோல் நகத்தால் தொட்டுப் பார்த்தாள்.

"காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுக்காதே" என்றேன். "அது ஆதாரம். இறுதிப் பதில் வரும்வரை ஆதாரத்தை அழிக்கக் கூடாது."

அப்படியானால் பாட்டிலுக்குத் திரும்பி வரவேண்டிய பத்து வராதே என்று அவள் கேட்கவில்லை. ஒரு பத்தைப் பிடிப்பதற்கு இன்னொரு பத்தை விடச் சொன்னேன், விட்டாள். ஆய்வாளர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

மனு எங்கே போகும் என்பது எனக்குத் தெரியும். மேலே போகும். மேலிருந்து 'தக்க நடவடிக்கைக்காக' என்று ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கும். கடைசியில் எவர்மேல் புகாரோ அவர் மேசைக்கே விளக்கம் கேட்டு வந்து சேரும், புகார் கொடுத்தவரின் பெயர், முகவரியோடு. முப்பத்து மூன்று ஆண்டுகள் நானே அப்படி இறக்கியிருக்கிறேன். தெரிந்துதான் எழுதினேன். கடிதம் நன்றாக வந்திருந்தது. அதை எழுதாமல் விட மனம் வரவில்லை.

விசாரணைக்கு ஒருவர் வந்தார். இளைஞர், மரியாதையானவர். கடைக்கு அவளை வரச் சொல்லியிருந்தார்கள். அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, பாட்டில்களைப் பையில் போட்டுக்கொண்டு வந்தாள். நானும் கூட நின்றேன். புதுப் பெயிண்ட் வாசனையோடு விலைப்பட்டியல் பலகை மாட்டியிருந்தது.

"பில் இருக்காம்மா?" என்றார் அவர்.

"பில்லே தர்றது இல்ல சார்."

"தரலன்னா எப்படி நிரூபிப்பீங்க?"

அவள் பாட்டில்களை எடுத்து மேசைமேல் வரிசையாக வைத்தாள். அவர் ஒன்றை எடுத்துத் திருப்பி வாசித்தார்.

"இதுல போட்டிருக்கிற விலைதான் இருக்கு. நீங்க குடுத்த விலை இல்லையே."

அவள் என்னைப் பார்த்தாள். நான் பலகையைப் பார்த்தேன். அந்த வாக்கியத்தை எனக்குத் தெரியும். பணியில் இருந்த காலத்தில் குறைந்தது நூறு பேரிடமாவது அதை நானே சொல்லியிருப்பேன். இவ்வளவு இனிமையாகச் சொன்னேனா என்பது நினைவில்லை.

மறுநாள் மாலை விற்பனையாளர் அவளிடம் சண்டை போடவில்லை. "உனக்கு இங்க சரக்கு கிடையாது. எங்க வேணா எழுதிக்கோ" என்று மட்டும் சொன்னார். இரண்டு பத்தும் சேர்த்துக் கொடுத்திருந்தாலும் கிடைத்திருக்காது. ஆறே முக்காலுக்கு அவள் வெறும் பையோடு என் வீட்டு வாசலில் நின்றாள். பின்பக்கப் படியில் அவன் கைகளை மடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பது என் ஜன்னலிலிருந்து தெரிந்தது.

"அவர அனுப்புனா ரெண்டு மூணு ஆயிடும் சார். காலைல ஊதணும்."

"நான் வாங்கி வருகிறேன்" என்றேன்.

அப்படித்தான் ஆரம்பித்தது. தினமும் ஆறரைக்கு அவள் பணம் கொடுப்பாள்: போட்டிருக்கிறதும் பாட்டில் பத்தும். நான் சைக்கிளில் போய் என் பையிலிருந்து இன்னொரு பத்தைச் சேர்த்து நீட்டி வாங்கி வருவேன். முதல் நாள் பாட்டிலை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"போட்டுகீறதுதான் வாங்கினானா சார்?"

"ஆமாம்" என்றேன்.

என் வாழ்நாளில் கையெழுத்துப் போட்டுச் சொன்ன பொய்கள் ஏராளம். அவை எதுவும் உறுத்தியதில்லை. இந்த ஒன்று கையெழுத்தில்லாதது.

"மனு போட்டதால பயந்துட்டான்" என்றாள். அவள் சிரித்து நான் பார்த்த ஒரே முறை அதுதான். முன்பல் ஒன்று லேசாக முன்னே தள்ளியிருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. தெருமுனைக் கடையில் போய்ச் சொல்லியிருக்கிறாள். ஒயின் ஷாப்காரனையே வழிக்குக் கொண்டுவந்தவள் என்று பயந்து, அந்தக் கடைக்காரர் அவளுக்கு மட்டும் பாலை அச்சிட்ட விலைக்குக் கொடுக்க ஆரம்பித்தார். அவள் விடியற்காலை எழுவது நின்றது. என் பொய்யால் ஒரு பெண் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்குகிறாள் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

காலிப் பாட்டில்களை மட்டும் சேர்த்துக்கொண்டே வந்தாள். கழுவி, ஸ்டிக்கர் நனையாமல் துடைத்து, பின்பக்க மூலையில் கோணிப்பையில் அடுக்குவாள். "கடைசிப் பதில் இன்னும் வரல இல்ல சார்?" என்பாள். வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

ஒருநாள் விற்பனையாளர் என்னிடம், "யாருக்கு சார் டெய்லி ஒரு குவார்ட்டர்? நீங்க ஹாஃப்காரராச்சே" என்றார். மேல்பத்தை எடுத்து வைத்தேன். யாருக்கென்று அவர் புரிந்துகொண்டு சிரித்தார். கெட்ட மனிதர் என்று சொல்லிவிட முடியாது. பி.ஏ. படித்தவர். வேலை நிரந்தரமாகவில்லை. மேல்பத்து முழுவதும் தன் பைக்குப் போவதில்லை என்று ஒருமுறை சொன்னார். எங்கே போகிறது என்று நான் கேட்கவில்லை. ஜீப்பில் போன நாட்களில் அதையும் தெரிந்துவைத்திருந்தேன்.

அப்புறம் என் வலக்கண்ணில் புரை முற்றியது. அறுவைச் சிகிச்சைக்காகத் தாம்பரத்தில் மகள் வீட்டில் நான்கு நாள் இருக்க வேண்டியதாயிற்று. கிளம்பும் முன் அவளிடம் நான்கு பாட்டில் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று தோன்றியது. நான்கையும் ஒரே நாளில் வீட்டில் வைத்தால் என்ன ஆகும் என்று அவளே சொல்வாள் என்று விட்டுவிட்டேன். "நானே போயிக்கறேன் சார், இப்பதான் ஒழுங்கா குடுக்கறானே" என்றாள். மறுத்து ஏதாவது சொல்ல வேண்டிய இடம் அது. ஷேர் ஆட்டோ ஹார்ன் அடித்தது, ஏறிவிட்டேன்.

திரும்பி வந்தபோது கண்ணில் கறுப்புக் கண்ணாடி. அவள் அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. பின்பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அவன் படியில் உட்கார்ந்திருந்தான். காலை பதினொரு மணிக்கு அவன் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. எனக்குப் புரிந்துவிட்டது.

"எவ்ளோ நாளா சார்?" என்றாள், துணியை உதறிக்கொண்டே.

"முதல் நாளிலிருந்து."

"நான் கேட்டனே சார். போட்டுகீறதுதானான்னு கேட்டனே."

அவள் கோபமாகப் பேசியிருந்தால் என்னிடம் பதில்கள் இருந்தன. நடந்ததை வரிசையாகச் சொன்னாள். கடைக்குப் போயிருக்கிறாள். போட்டிருக்கிற பணத்தை நிமிர்ந்து நின்று வைத்திருக்கிறாள். சாருக்கு இந்த விலைக்குத்தானே கொடுக்கிறாய், எனக்கும் கொடு என்றிருக்கிறாள். விற்பனையாளர் வரிசையைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்: "சாரா? அவுரு கேக்கறதுக்கு முன்னாடியே பத்த எடுத்து வெப்பாரு. உனக்கு வாங்கறப்பவும் அப்பிடித்தான்." வரிசை சிரித்திருக்கிறது. அவள் பணத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"வூட்டுக்கு வந்தா இவருக்குக் கை ஆடுது. நானே காசு குடுத்து அனுப்புனேன் சார். நானேதான். பத்து மணிக்கு வந்தாரு. காலைல ஊதுனாரு."

அவன் தலையைத் தூக்கவில்லை. "நம்பர் கம்மியாதான் சார் வந்துச்சு" என்றான். கேட் பாஸை வாங்கிக்கொள்வதற்கு நம்பரின் அளவு முக்கியமில்லை, வந்தால் போதும் என்ற விதி எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும்.

"உனக்குக் கஷ்டம் வேண்டாம் என்றுதான்..." என்று தொடங்கினேன்.

"எனக்குப் பத்து ரூபா இருந்துது சார்" என்றாள். "இல்லாம இல்ல."

வெறும் பக்கெட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மறுநாள் விடியற்காலை பால் வண்டிச் சத்தத்தோடு பின்பக்கக் கதவு திறக்கும் சத்தமும் கேட்டது. தெருமுனைக் கடைக்காரரிடம் தானே போய், ஒயின் ஷாப்பில் மேல்காசு வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள், தான் சொன்னது பொய் என்று சொல்லியிருக்கிறாள். அவர் நிம்மதியாக மறுபடி இரண்டு ரூபாய் கேட்க ஆரம்பித்தார்.

மாத முடிவில் காலி செய்தார்கள். மணிமங்கலம் பக்கம் ஒரு குடோனில் அவனுக்கு லோடு ஏற்றும் வேலை கிடைத்ததாகக் கேள்வி. அங்கே வாசலில் மெஷின் இல்லை. ஊதச் சொல்ல ஆளில்லாத இடத்தில் எட்டு மணிக்குள் முடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. தெருமுனைக் கடைக்காரர் ஒருமுறை படப்பை போய்விட்டு வந்து, ரோட்டோரம் அவன் கிடந்ததைப் பார்த்ததாகச் சொன்னார். பகல் இரண்டு மணி என்றார். அவளைப் பற்றிக் கேட்டேன். பார்க்கவில்லை என்றார்.

அவர்கள் போன அன்று என் பின்கதவோரம் இரண்டு கோணிப்பைகள் இருந்தன. கழுவித் துடைத்த குவார்ட்டர் பாட்டில்கள். ஒன்றிலும் ஸ்டிக்கர் கிழியவில்லை. விலை அச்சிட்ட இடம் வெளியே தெரியும்படி பழைய செய்தித்தாளில் சுற்றியிருந்தாள். நான் அவளுக்காக எத்தனை நாள் மேல்பத்து கொடுத்தேனோ, அத்தனைக்கும் மேல் இருக்கும். பாட்டிலுக்குப் பத்தாக, பாக்கி வைக்காமல் போயிருக்கிறாள் என்பது சிறிது நேரம் கழித்தே எனக்கு உறைத்தது.

ஆதாரம், அழிக்கக் கூடாது என்று சில மாதங்கள் வைத்திருந்தேன். புதிதாகக் குடிவந்தவர்கள் அந்த இடத்தில் வாஷிங் மெஷின் வைக்க வேண்டும் என்றார்கள். ஒரு மாலை பைகளை ஆட்டோவில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுபோனேன். விற்பனையாளர் ஸ்டிக்கர்களைப் பார்த்து எண்ணினார்.

"இவ்ளோ சுத்தமா யாரும் எடுத்தாந்தது இல்ல சார்" என்றார். பத்து ரூபாய் நோட்டுக் கட்டு ஒன்றை ரப்பர் பேண்டோடு என்னிடம் தள்ளினார். விலைப் பலகையில் ஒரு வரி அழிக்கப்பட்டு வேறு எண் எழுதியிருந்தது. மறுபடி ஏறியிருந்தது.

"உங்களுக்கு வழக்கம்போல ஹாஃபா சார்?"

தலையசைத்தேன். பாட்டிலைக் கம்பிக்குள்ளிருந்து நீட்டினார். கட்டைவிரலால் விலையைத் தேடிப் பிடித்து, வாய்க்குள் வாசித்தேன். அந்தப் பணத்தை எடுத்து வைத்தேன். பாட்டில் பத்தையும் வைத்தேன்.

அவர் கையை எடுக்கவில்லை. கம்பி ஓட்டையில் விரித்தபடி வைத்திருந்தார். பின்னால் ஒரு பையன், "அண்ணாச்சி, சீக்கிரம்" என்றான்.

ரப்பர் பேண்டைத் தளர்த்தி, மேலே இருந்த பத்து ரூபாயை உருவி அந்தக் கையில் வைத்தேன்.